மேற்படிப்புப் பரீட்சையும் ஆங்கிலச் சொற்பட்டியலும்

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் பட்டப்பின்படிப்பை மேற்கொள்ள விரும்பும் நம்மவர் பலர், விண்ணப்பஞ் செய்வதற்கு ஓராண்டு முன்னரே ஒரு காரியத்தைத் தொடங்கிவிடுகின்றனர். தடித்த புத்தகமொன்றை வாங்கி, அதன் பின்பக்கங்களில் அகரவரிசைப்படி அச்சிடப்பெற்றிருக்கும் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களை, நாளொன்றுக்கு முப்பது நாற்பது என்று நெட்டுருச் செய்கின்றனர். 'ஏ' எழுத்துச் சொற்கள் முடிந்து, 'பீ' எழுத்தும் முடிந்து, 'சீ' எழுத்தின் நடுவே செல்லும்பொழுது, 'ஏ' எழுத்திற் கற்றவற்றிற் பாதி மறந்துபோகிறது. விடாமுயற்சியுடையோர் 'எஸ்' வரையிற் செல்வர். பின்னர் பரீட்சை மண்டபத்திலே அமர்ந்து வினாக்களை நோக்கினால், சொற்களெல்லாம் தெரிந்தவை போலவே தோன்றுகின்றன, விடையோ பிழைத்துவிடுகிறது. பௌதிகத்திலோ பொறியியலிலோ பொருளியலிலோ வல்லவரான ஒருவர், "ஆங்கிலம் நமக்கு வாராது" என்று முடிவுகட்டி, விண்ணப்பப் படிவத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

நேயர்களே, அவர் கண்ட முடிவு தவறானது. அவருக்கு வாராதது ஆங்கிலமன்று. பரீட்சை கேட்ட கேள்வி ஒன்று; அவர் ஆயத்தஞ் செய்துகொண்டு போன விடை வேறொன்று. இந்தப் பொருத்தமின்மை எவ்வாறு ஏற்பட்டது, அதனை எவ்வாறு நீக்கலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நாம் பேசவிருக்கும் பரீட்சை, ஜீ.ஆர்.ஈ. என்று சுருக்கமாக வழங்கும் பட்டதாரிப் பதிவுப் பரீட்சையாகும். 1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், கார்னெகி நிறுவனமொன்று, ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களோடு கூடி இதனைப் பரிசோதனையாகத் தொடங்கிற்று. 1947இல் நிறுவப்பெற்ற கல்விப் பரீட்சைச் சேவை என்னும் அமைப்பு அதன் பின்னர் இதனைப் பொறுப்பேற்று, இன்றும் நடத்திவருகிறது. தொடக்கத்தில் அந்நான்கு பல்கலைக்கழகங்களின் மாணவர்க்கென ஏற்பட்ட பரீட்சை, இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் வரும் பட்டதாரிகளை ஒரே அளவுகோலால் அளக்கின்றது. மொழித்திறன், கணிதத்திறன், பகுத்தாய்ந்து எழுதுதல் என மூன்று பகுதிகள் இதில் உள.

இம்மொழித்திறன் பகுதியிலே நெடுங்காலமாக இரண்டு வகை வினாக்கள் இருந்துவந்தன. ஒன்று எதிர்ச்சொல் வினா. ஒரு சொல்லைத் தனியே தந்து, அதற்கு எதிரான பொருளுடைய சொல்லைத் தெரிவுசெய்யச் சொல்வர். மற்றையது ஒப்புமை வினா. மரத்துக்கு வேர் எவ்வாறோ, வீட்டுக்கு எது அவ்வாறு என்பது போல, இரு சொற்களுக்கிடையேயுள்ள உறவைக் கண்டு அதே உறவுடைய வேறிரு சொற்களைக் காட்டுதல் வேண்டும். இவ்விருவகை வினாக்களிலும் வாக்கியமே இல்லை. சொல் தனித்து நின்றது. சொல்லின் பொருளை அறிந்தவர் வென்றார். அறியாதவர் எவ்வளவு சிந்தித்தும் பயனில்லை. ஆகவே, பட்டியலை நெட்டுருச் செய்தல் அன்று புத்திசாலித்தனமான காரியமாகவே இருந்தது.

2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பரீட்சை திருத்தியமைக்கப்பட்டபோது இவ்விரண்டு வகை வினாக்களும் அடியோடு நீக்கப்பட்டன. இருநூறு முதல் எண்ணூறு வரையிருந்த புள்ளித்திட்டமும் மாற்றப்பட்டு, 130 முதல் 170 வரை என்றாயிற்று. ஆனால் சொற்பட்டியல்கள் நீக்கப்படவில்லை. அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அவனிடமிருந்து அயல்வீட்டுப் பிள்ளைக்கும் அவை கைமாறிக்கொண்டேயிருக்கின்றன. வினா இறந்துவிட்டது, அவ்வினாவுக்காக ஏற்பட்ட மருந்து மட்டும் இன்னும் விலைபோகிறது. நம்மவரின் உழைப்பிற் பெரும்பகுதி வீணாவதற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

இன்றைய அமைப்பைச் சிறிது பார்ப்போம். 2023ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் பரீட்சை சுருக்கப்பட்டது. முன்னர் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் நீடித்தது, இப்பொழுது இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக முடிந்துவிடுகிறது. மொழித்திறன் இரண்டு கூறுகளாக வருகிறது: முதற்கூற்றில் 12 வினாக்கள், 18 நிமிடம், இரண்டாங்கூற்றில் 15 வினாக்கள், 23 நிமிடம். பரீட்சை கணினியில் நடைபெறுவதால், முதற்கூற்றில் ஒருவர் எவ்வளவு நன்றாக விடையளித்தார் என்பதைக் கொண்டே இரண்டாங்கூறு கடினமானதாகவோ எளியதாகவோ அமைகிறது. வினாக்கள் மூன்று வகை: வாக்கியத்தில் விடுபட்ட இடத்தை நிரப்புதல், ஒரே பொருள் தரும் இரு சொற்களைத் தெரிவுசெய்து வாக்கியத்தை முடித்தல், தரப்பட்ட பந்தியைப் படித்து விடையளித்தல். மூன்றிலும் சொல் தனியே வருவதில்லை, வாக்கியத்தினுள்ளேதான் வருகிறது.

மேலே செல்லுமுன் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஜீ.ஆர்.ஈ. பரீட்சையையும், டோஃபல், ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனப்படும் ஆங்கில அறிவுப் பரீட்சைகளையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். அவை, விரிவுரையைக் கேட்டு விளங்கவும் பேசவும் எழுதவும் ஒருவருக்கு ஆங்கிலம் போதுமா என்று பார்ப்பவை. ஜீ.ஆர்.ஈ. அவ்வறிவு உண்டென்று வைத்துக்கொண்டு, அதற்கப்பாற் சிந்தனையைப் பரீட்சிப்பது. ஆங்கிலமே தாய்மொழியாகவுள்ள அமெரிக்க மாணவரும் இதற்குத் தோற்றுகின்றனர். அவர்களும் இதிலே தடுமாறுகின்றனர். இரண்டாவது, 2020ஐ அண்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல இப்பரீட்சையைக் கட்டாயமல்ல என்று விட்டுவிட்டன; சில மீண்டும் கேட்கத் தொடங்கியுள்ளன. ஒரே பல்கலைக்கழகத்திலும் துறைக்குத் துறை வழக்கு வேறுபடும். ஆதலின், பணத்தைக் கட்டுவதற்கு முன் தாம் சேர விரும்பும் துறையின் அறிவித்தலைப் படித்துப் பார்ப்பது நன்று.

இனி விடுபட்ட இடம் நிரப்பும் வினாவுக்கு வருவோம். ஆங்கில வாக்கியமொன்றின் கருத்து பின்வருமாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: அவ்வாய்வாளர் தமக்கு முன்னிருந்த அறிஞரை முகவுரையிலே வாயாரப் புகழ்ந்தபோதிலும், நூலின் அடிக்குறிப்புகளில் அவர்களை இன்னது செய்யாத பக்கமே இல்லை. 'இன்னது' என்ற இடந்தான் விடுபட்ட இடம். தரப்பட்ட சொற்கள் ஐந்து: பின்பற்றுதல், மேற்கோள் காட்டுதல், இகழ்தல், நினைவுகூர்தல், விளக்குதல். அவசரக்காரர் 'மேற்கோள் காட்டுதல்' என்பதைத் தொட்டுவிடுவார். ஏன்? அடிக்குறிப்பு என்றவுடன் மேற்கோள் நினைவுக்கு வருகிறது. வினாவை ஆக்கியவரும் அதை அறிந்தே அச்சொல்லை அங்கே வைத்திருக்கிறார். ஆனால், 'புகழ்ந்தபோதிலும்' என்ற ஒரு சொல் வாக்கியத்தின் போக்கைத் திருப்பிவிட்டது. முன்பாதியிற் புகழ்ச்சி, எனவே பின்பாதியில் அதற்கு மாறானது வந்தே தீரவேண்டும். 'இகழ்தல்' என்பதே விடை.

இங்கே எவ்வளவு சொல்லறிவு வேண்டியிருந்தது? மிகக் கொஞ்சம். வேண்டியிருந்தது, திருப்பத்தைக் காணும் கண்.

இத்திருப்பத்தைக் காண்பதிலே தமிழ் மாணவருக்கென்று ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. தமிழிலே 'போதிலும்', 'ஆயினும்', 'எனினும்' என்பன வாக்கியப் பகுதியின் இறுதியிலே நிற்பவை. வினைச்சொல்லும் இறுதியிலேயே வருகிறது. ஆகவே, தமிழ் படிப்பவர் முடிவை நோக்கிக் காத்திருந்து படிக்கப் பழகியவர். ஆங்கிலமோ இதற்கு நேர்மாறானது. 'ஆல்தோ', 'டெஸ்பைற்', 'வைல்' என்னும் சொற்கள் வாக்கியத்தின் வாயிலிலேயே நின்று, "இங்கே ஒரு திருப்பம் வரப்போகிறது" என்று அறிவிக்கின்றன. நாம் அவற்றை ஒருவகை முகமனாக எண்ணிக் கடந்து சென்று, வாக்கியத்தின் கடைசியை அடையும்போது, வாயிலிற் கேட்டதை மறந்துவிடுகிறோம். பெயருக்கு அடைமொழி சேர்க்கும் முறையும் அவ்வாறே. 'நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த மனிதர்' என்று அடையை முன்வைத்துப் பெயரைப் பின்வைப்பது தமிழ். ஆங்கிலம் பெயரை முதலிற் சொல்லிவிட்டு, அடையைப் பின்னே தொங்கவிடுகிறது. பரீட்சை வாக்கியங்களில் அவ்வாறு தொங்கும் அடை இரண்டு வரி, மூன்று வரி நீளும். அதற்குள் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று காணாமற் பிரிந்துவிடுகின்றன.

இதற்கு நம்மிடமே ஒரு பயிற்சி உண்டு. செய்யுளைப் படிக்கும்போது, சொற்கள் கிடந்த முறையே பொருள் தாராவிடத்து, எழுவாய் எது, பயனிலை எது, எந்தச் சொல் எதனைத் தழுவுகிறது என்று கண்டு கொண்டுகூட்டிப் பொருள் சொல்ல நமக்குக் கற்பித்தார்கள். ஆங்கிலத்தின் நெடுவாக்கியத்தையும் அவ்வாறே அன்வயஞ் செய்து படித்தல் வேண்டும். நாளொன்றுக்கு நல்ல ஆங்கில நெடுவாக்கியங்கள் ஐந்தை எடுத்து, அடைகளை நீக்கி, எழுவாயையும் பயனிலையையும் மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். பின்னர் அடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, முழுவதையும் நல்ல தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரு மாதம் செய்தால், நாற்பது சொற்கொண்ட வாக்கியமும் அச்சுறுத்தமாட்டாது. நாளுக்கு நாற்பது சொல்லை நெட்டுருச் செய்வதிலும் இதற்குச் செல்லும் நேரம் குறைவு.

விடையைத் தேடும்போதும் தமிழ் உதவும். தரப்பட்ட சொற்களைப் பார்க்கும் முன்னர், விடுபட்ட இடத்தில் என்ன வரவேண்டுமென்று மனத்துள்ளே தமிழில் ஒரு சொல்லை இட்டுப் பார்க்கவேண்டும். 'இகழ்தல்', 'குறைகூறல்', 'சாடுதல்' எதுவாயினும் சரி. பின்னர் அச்சொல்லைக் கையிற் பிடித்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களிடம் செல்லவேண்டும். முதலிலேயே தெரிவுகளைப் பார்த்தவரை அத்தெரிவுகளே இழுத்துச் செல்லும். ஆங்கிலத்திலேயே சிந்தித்தாலன்றி ஆங்கிலப் பரீட்சையில் வெல்லமுடியாதென்று சொல்லுவோர் உளர். இவ்விடத்தில் அது வெறும் மிரட்டல். வாக்கியம் என்ன கருத்தைக் கேட்கிறது என்பது எந்த மொழியிற் புரிந்தாலும் புரிந்ததே.

சில வாக்கியங்களில் இரண்டு அல்லது மூன்று இடங்கள் விடுபட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அவ்வினாவுக்குப் புள்ளியில்லை. பாதிப் புள்ளி என்பது இங்கில்லை. முதலிடத்தையே முதலில் நிரப்பவேண்டுமென்ற நியதியும் கிடையாது. எந்த இடத்துக்கு வாக்கியம் தெளிவான சான்று தருகிறதோ அந்த இடத்தில் தொடங்குக. மூன்றாவது இடத்திற் காலூன்றிக்கொண்டு முதலிடத்துக்குத் திரும்பிவருவது பலவேளை இலகு.

பெரிய சொற்களுக்கு அஞ்சுவோர் சிறிய சொற்களை அலட்சியஞ் செய்வதுண்டு. உண்மையிற் புள்ளியைக் கொண்டுபோகிறவை இச்சிறியவையே. 'எ ஃபியூ' என்றால் 'சில உள' என்பது பொருள். 'ஃபியூ' என்று மட்டும் சொன்னால் 'அநேகமாக இல்லை' என்பது பொருள். 'ஹார்ட்லி' என்பது எதிர்மறை. அதைக் 'கடினமாக' என்று விளங்கிக்கொண்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். 'எனிதிங் பட்' என்பது 'அது தவிர வேறெதுவும்', அதாவது 'அது சிறிதும் அன்று' என்ற கருத்தினது. 'அருமையானதன்று என்று சொல்லமுடியாது' என்பது போன்ற இரட்டை எதிர்மறைகளும் வரும். இவற்றை விரலால் எண்ணியே தீர்க்கவேண்டும்.

ஒரே பொருள் தரும் இரு சொற்களைத் தெரியும் வினாவில் ஆறு சொற்கள் தரப்படும். இரண்டைத் தெரிவுசெய்யவேண்டும், எதை இட்டாலும் வாக்கியத்தின் பொருள் ஒன்றாகவே அமையவேண்டும். இங்கே இரண்டு கண்ணிகள் உள. வாக்கியத்துக்கு மிகப் பொருந்திய சொல்லொன்று துணையின்றித் தனியே நிற்கும். ஒன்றுக்கொன்று ஒத்த இரு சொற்கள் வாக்கியத்துக்குப் பொருந்தாமல் நிற்கும். பட்டியல் படித்தவர் இரண்டாவது கண்ணியில் விழுவார். ஒத்த சொற்களைக் கண்டவுடன் வாக்கியத்தை மறந்து அவற்றைப் பிடித்துவிடுவது அவரது பழக்கம்.

பொருள் ஒத்திருப்பினும் சொற்களின் மணம் ஒவ்வாதிருப்பதும் உண்டு. 'சிக்கனமானவர்' என்பதற்கும் 'உலோபி' என்பதற்கும் செலவின் அளவில் வேறுபாடு சிறிது. சொல்பவரின் மனத்திலோ பெரிது. ஆங்கிலத்தில் 'ஃப்ரூகல்' என்பது முன்னையது. 'பார்சிமோனியஸ்' என்பது பின்னையது. பட்டியலில் இரண்டுக்கும் எதிரே 'செலவு செய்யாத' என்று ஒரே விளக்கம் இருக்கக்கூடும். வாக்கியம் அம்மனிதரைப் பாராட்டுகிறதா, பழிக்கிறதா என்று பார்த்தாலன்றி இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

அப்படியாயிற் சொற்களைக் கற்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். கற்கத்தான் வேண்டும், வாக்கியத்தோடு கற்கவேண்டும். அதிலும் நாம் நன்கறிந்தவை என்று எண்ணிக்கொண்டிருக்கும் சொற்களையே முதலிற் கவனிக்கவேண்டும். 'அரெஸ்ற்' என்றாற் கைதுசெய்தல் என்று எல்லோருக்கும் தெரியும். நோய் பரவுவதைத் தடுத்து நிறுத்துவதும் அச்சொல்லாலேயே சொல்லப்படும். 'குவாலிஃபைட்' என்றாற் தகுதிபெற்ற. 'குவாலிஃபைட்' ஆன ஆதரவு என்றாலோ, நிபந்தனையோடு கூடிய, முழுமையற்ற ஆதரவு. 'எக்கொனமி' பொருளாதாரம், எழுத்தாளரின் நடையிலுள்ள 'எக்கொனமி' சொற்சுருக்கம். 'சாங்ஷன்' என்ற சொல் அலுவலகக் கோப்பிலே அனுமதி. பத்திரிகைச் செய்தியிலே ஒரு நாட்டின்மீது விதிக்கும் தடை. ஒன்றுக்கொன்று எதிரான இருபொருளை ஒரே சொல் தாங்கி நிற்கிறது. பரீட்சகருக்கு இவற்றின்மீது பிரியம் அதிகம். ஏனெனில் இவை எவரும் பட்டியலிற் சேர்க்காத சொற்கள்.

அரிய சொற்களைக் குடும்பங் குடும்பமாகக் கற்பது நன்று. இலத்தீனிற் 'பேசுதல்' என்ற பொருளுடைய வேரொன்றிலிருந்து, நாவன்மையைக் குறிக்கும் 'எலொக்குவென்ற்', ஓயாது பேசுவதைக் குறிக்கும் 'லொக்குவேஷஸ்', பேச்சுவழக்கைக் குறிக்கும் 'கொலோக்குவியல்' ஆகியன பிறந்தன. வேரைப் பிடித்தாற் கிளைகள் கைக்கு வரும். ஆயினும் தோற்றத்தை மட்டும் நம்பலாகாது. 'நொய்சம்' என்பதற்கும் ஓசையைக் குறிக்கும் 'நொய்ஸ்' என்பதற்கும் உறவில்லை. முன்னையது அருவருக்கத்தக்க, கேடுபயக்கும் என்னும் பொருளது. 'எனர்வேற்' என்பது வலிமையூட்டுவது போல ஒலிக்கிறது. அதன் பொருள் வலிமையைக் குன்றச்செய்தல். இத்தகையவற்றுக்கு ஒரு தனிக் குறிப்பேடு வைத்து, ஒவ்வொன்றையும் அது வந்த வாக்கியத்தோடு எழுதிக்கொண்டால், முந்நூறு நானூறு சொற்களே பெரும் பயன் தரும்.

மொழித்திறன் வினாக்களில் ஏறக்குறையப் பாதி, பந்தியைப் படித்து விடையளிப்பவை. பந்திகள் உயிரியல், பௌதிகம், வரலாறு, இலக்கியம், கலை என எத்துறையிலிருந்தும் வரும். பெரும்பாலானவை ஒரே பந்தியளவின. பொருள் புதிது என்று கலங்கவேண்டியதில்லை. விடைக்கு வேண்டியதெல்லாம் பந்தியிலேயே இருக்கிறது. பொருள் பழகியதாயிருப்பதே ஆபத்து. தாவரவியல் கற்றவர் தாவரவியற் பந்தியிலே தமது அறிவைக்கொண்டு விடையளித்துவிடுவார். அவர் தெரிந்த கூற்று உலகில் உண்மையாயிருக்கலாம். பந்தி அதனைச் சொல்லியிராவிட்டால் அது பிழையான விடையே.

இங்கே கேட்கப்படும் வினாக்களுள் நம்மவரை மிகவும் மயக்குவது, "இவ்வாக்கியம் இப்பந்தியில் எத்தொழிலைச் செய்கிறது?" என்பது. வாக்கியம் என்ன சொல்கிறது என்பதன்று கேள்வி; அது எதற்காக அங்கே நிற்கிறது என்பதே கேள்வி. இது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுவோர் நன்னூலின் பாயிரத்தைத் திருப்பிப் பார்க்கலாம். நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்று பவணந்தி முனிவர் அங்கே வகுத்துள்ளார். பிறர் கருத்தை ஏற்றுக்கொள்ளுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றாற்போலக் காட்டிப் பின்னர் களைதல், தானே ஒன்றை நிறுத்தி அதனை நிலைபெறச் செய்தல், இருவர் மாறுபடக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுதல், பிறர் மதத்தோடு படாது தன் மதத்தையே கொள்ளுதல் என்பன அவை. நாவலரவர்களின் காண்டிகையுரையோடு இதனைக் கற்ற தலைமுறையினர், பந்தியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே இவ்வேழில் ஒன்றை எழுதிக்கொண்டே போயிருப்பர். ஜீ.ஆர்.ஈ. பந்திகள் பெரும்பாலும் மூன்றாவது வகையிலேயே ஓடுகின்றன. "அறிஞர் பலர் இவ்வாறு கருதிவந்தனர்" என்று தொடங்கி, நடுவில் ஓர் 'ஆனால்' வந்து, பின்னர் ஆசிரியரின் கருத்து வெளிப்படும். முன்னையது பிறர் கூற்று. பின்னையதே ஆசிரியர் கூற்று. பிறர் கூற்றை ஆசிரியர் கூற்றாகக் கொள்வதாலேயே பல விடைகள் பிழைக்கின்றன. நம் உரையாசிரியர் 'என்பாரும் உளர்' என்று ஒரு கருத்தை எடுத்தோதினால், அடுத்து அதனை அவர் மறுக்கப்போகிறார் என்று எதிர்பார்க்கிறோம் அல்லவா? அந்த எதிர்பார்ப்பையே ஆங்கிலப் பந்தியிலும் வைத்துக்கொள்ளவேண்டும்.

பிழையான தெரிவுகளை இனங்காண ஓர் அடையாளம் உண்டு. பந்தி 'சில வேளைகளில்' என்று சொன்னதைத் தெரிவு 'எப்பொழுதும்' என்று சொல்லும். பந்தி 'ஒரு காரணம்' என்றதைத் தெரிவு 'ஒரே காரணம்' என்று ஆக்கிவிடும். அளவிற் கூடிய கூற்றைக் கண்டால், பந்திக்குத் திரும்பிச் சென்று அளவைச் சரிபார்க்கவேண்டும். மூன்று கூற்றுகளைத் தந்து, அவற்றுள் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ பொருந்தலாம் என்று கேட்கும் வினாவும் உண்டு. அதில் ஒவ்வொரு கூற்றையும் தனி வினாவாகக் கொண்டு தீர்ப்பது நன்று.

என்ன படிப்பது? விளையாட்டுச் செய்தியும் சினிமாச் செய்தியும் இதற்குப் போதா. ஆசிரியர் ஒரு கருத்தை நிறுவ முயலும் கட்டுரைகளைப் படிக்கவேண்டும்: அறிவியல் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்குபவை, நூல் மதிப்புரைகள், வரலாற்று விவாதங்கள். ஒவ்வொரு பந்தியையும் படித்து முடித்தபின், புத்தகத்தை மூடிவிட்டு, "ஆசிரியர் எதற்காக இதைச் சொன்னார்?" என்பதற்கு ஒரே வாக்கியத்தில், தமிழிலாயினும், விடை எழுதவேண்டும். பரீட்சையை நடத்தும் அமைப்பே முழுநீள மாதிரிப் பரீட்சைகள் இரண்டைக் கணினியில் இலவசமாகத் தருகிறது. பிறர் ஆக்கிய மாதிரி வினாக்கள் எத்தனை நூறு செய்தாலும், அவ்வமைப்பின் வினாக்களிலுள்ள நுட்பம் அவற்றில் அரிது. ஆகையால் இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாமல், ஒன்றை ஆயத்தத்தின் நடுவிலும் மற்றையதைப் பரீட்சைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னரும் வைத்துக்கொள்ளலாம். மாதிரிப் பரீட்சையிற் பெற்ற புள்ளியைவிட, பிழைத்த விடை ஏன் பிழைத்தது என்று எழுதிவைக்கும் குறிப்பே பெறுமதியுடையது. 'சொல் தெரியவில்லை', 'திருப்பத்தைக் காணவில்லை', 'அளவை மீறிவிட்டேன்' என்று காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். முதற்காரணம் நினைத்த அளவு பெரிதாயிராதென்பது என் எண்ணம்.

எழுதும் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். பொதுப்பிரச்சினை ஒன்றைப் பற்றிய கூற்றைத் தந்து, அதில் உமது நிலைப்பாடு யாது என்று கேட்பர், முப்பது நிமிடம். புள்ளி பூச்சியம் முதல் ஆறு வரை. வரக்கூடிய தலைப்புகள் முழுவதையும் அவ்வமைப்பே முன்கூட்டி வெளியிட்டுள்ளது என்பது பலருக்குத் தெரியாது. வினா முன்கூட்டியே வெளிவரும் பரீட்சை உலகில் எத்தனை உண்டு? அவற்றுள் இருபதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுதாமல் ஐந்து நிமிடத்திற் குறிப்பு மட்டும் வகுத்துப் பழகினாலே போதும். எதிர்த்தரப்பாரின் வலுவான நியாயத்தை ஓரிடத்தில் ஒப்புக்கொண்டு, அதனை மீறித் தம் கருத்து ஏன் நிற்கிறதென்று காட்டுவோர் நல்ல புள்ளி பெறுகின்றனர். கட்டுரையை ஒரு பரீட்சகரும் ஒரு கணினி நிரலும் மதிப்பிடுவர். எழுதும் திரையில் எழுத்துப்பிழையைத் திருத்தும் வசதி கிடையாது. தட்டச்சிற் பழக்கமில்லாதவர் அதற்கென நாள்தோறும் கால் மணித்தியாலம் ஒதுக்கவேண்டும். சிந்தனை விரைந்தோட விரல் தடுமாறினால் முப்பது நிமிடம் காணாது.

கால அளவைப் பற்றி ஒரு வார்த்தை. வினாவொன்றுக்குச் சராசரி ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. விடுபட்ட இடம் நிரப்பும் வினாக்களை ஒரு நிமிடத்துக்குள் முடித்து, மீதத்தைப் பந்திகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கூற்றுக்குள்ளே வினாவைத் தாண்டிச் சென்று மீண்டும் திரும்பிவரலாம். அவ்வாறு குறித்துவைக்கத் திரையில் வசதியுண்டு. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விட்டுவரவேண்டியதில்லை. ஒரு கூறு முடிந்தபின் அதற்கு மீளமுடியாது.

ஆயத்தத்துக்கு எத்தனை மாதம் என்பது ஒருவர் இதுவரை எவ்வளவு ஆங்கிலம் படித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழ்மொழி மூலம் கற்று, பாடநூலளவிலேயே ஆங்கிலம் படித்தவருக்கு, நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலமாக ஐந்தாறு மாதம் வைப்பது நியாயம். ஏற்கெனவே ஆங்கில நூல்களிற் பழக்கமுள்ளவருக்கு அதிற் பாதியும் போதும். பெற்ற புள்ளி ஐந்தாண்டு செல்லுபடியாகும். எனவே, பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே தோற்றிவிட்டு, விண்ணப்பத்தைப் பின்னர் ஆறுதலாகச் செய்யலாம். புள்ளி போதாதென்று கண்டவர் 21 நாட்களின் பின் மீண்டும் தோற்றலாம்; பன்னிரண்டு மாதத்துள் ஐந்து முறை வரை அனுமதியுண்டு. எம்முறை பெற்ற புள்ளியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதென்பதையும் பரீட்சார்த்தியே தெரிவுசெய்யலாம். மொழித்திறன், கணிதத்திறன் ஆகியவற்றின் உத்தியோகபூர்வமற்ற புள்ளிகள் பரீட்சை முடிந்தவுடனேயே திரையிற் காட்டப்படும். எழுத்துப் பகுதியோடு கூடிய முழு அறிக்கை எட்டு முதற் பத்து நாட்களிற் கிடைக்கும்.